தூக்கிய காலும் அடிதான்

தைல மரக் காட்டின் நடுவே ஒரு குட்டை இருந்தது. ஆஸ்திரேலியக் காடு அது. அங்கே சிங்கமும் கிடையாது, யானையும் கிடையாது. அதனால் யார் ராஜா என்ற சண்டையும் கிடையாது. சண்டையெல்லாம் தண்ணீருக்குத்தான்.

குட்டையின் ஒரு ஓரம் ஆழம், மறு ஓரம் சேறு. கோடை வந்துவிட்டால் ஆழமான ஓரத்தில் மட்டும்தான் தெளிந்த தண்ணீர் நிற்கும். எல்லோரும் அங்கேயே இறங்கினால் கலங்கிப்போய் ஒருத்தருக்கும் உதவாது. ஆகவே வருஷத்துக்கு ஒரு கூட்டம்தான் அங்கே இறங்கலாம்.

எந்தக் கூட்டம்? கங்காருக் கூட்டமா, வாம்பட் கூட்டமா?

கங்காருவை உங்களுக்குத் தெரியும். வாம்பட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரடிக்குட்டியைத் தலையில் ஒரு அமுக்கு அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். குட்டைக் கால், உருண்டை உடம்பு, பாறை மாதிரி பின்புறம். மண்ணைத் தோண்டி வளைக்குள் வாழும். கங்காருக்களுக்குத் தலைவன் நெடுங்காலன். வாம்பட்டுகளுக்குத் தலைவி கட்டையம்மா.

இரண்டு கூட்டமும் கோடை தொடங்கும் நாளில் ஒரு பந்தாட்டம் ஆடும். ஜெயித்தவர்களுக்கு ஆழமான ஓரம், தோற்றவர்களுக்குச் சேறு. சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே ஆழம். பந்து, மனிதப் பிள்ளைகள் எப்போதோ தொலைத்துவிட்டுப் போனது. முட்டை மாதிரி இருக்கும். அந்த நாட்டுக் கால்பந்தே அப்படித்தானாம். பந்தைக் கையால் பிடிக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், கூட்டாளிக்குத் தட்டிவிடலாம். பந்து வைத்திருப்பவனை மடக்கிக் கீழே தள்ளலாம். எதிராளியின் இரண்டு மரங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஒரு கோல்.

இதிலெல்லாம் தகராறு இல்லை. தகராறு ஒரே ஒரு விதியில்தான்.

பந்தோடு ஒருவன் மடக்கப்பட்டால் நடுவர் ஒன்றைப் பார்க்க வேண்டும். மடக்கப்படும் முன் பந்தை விட்டுவிட அவனுக்கு நேரம் இருந்ததா? இருந்தும் விடவில்லை என்றால் பிழை. எதிராளிக்குத் தனி உதை. யாரும் குறுக்கே வராமல் நிதானமாக நின்று உதைக்கலாம். நேரமே இல்லை என்றால் பிழை இல்லை. பந்தை மேலே வீசி ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் இருந்தால் நேரம் இருந்தது என்று அர்த்தம்? அதை மட்டும் விதி செய்தவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். விதி செய்கிறவர்களுக்கே அந்தப் பழக்கம் உண்டு.

போன வருஷம் ஈமுப் பறவை நடுவராக இருந்தது. ஈமு ஓட்டக்காரப் பறவை. அதற்குக் கண் இமைக்கும் நேரமே பெரிய நேரம். வாம்பட் ஒன்று பந்தை வாங்கித் தலையைத் தூக்குவதற்குள் மடக்கினாலும், "நேரம் இருந்ததே, ஏன் விடல? பிழை" என்று சொல்லிவிடும். கங்காருக்கள் ஏழு கோல் போட்டன. வாம்பட்டுகள் கோடை முழுக்கச் சேற்றைக் கிளறிக் குடித்தன. கட்டையம்மாவின் மூத்த பிள்ளை காய்ச்சலில் படுத்து, மழை வந்த பிறகுதான் எழுந்தான்.

வாம்பட்டுக்கும் கங்காரு போலவே வயிற்றில் பை உண்டு. இந்த வருஷம் கட்டையம்மாவின் பைக்குள் இன்னொரு குட்டி. இன்னும் முடிகூட முளைக்கவில்லை. தாய் சேற்றைக் குடித்தால் குட்டிக்குப் பால் ஏது? இந்தக் கோடையும் தோற்றால் பைக்குள் இருப்பது பிழைக்காது. அது கட்டையம்மாவுக்கும் தெரியும், அவள் கூட்டத்துக்கும் தெரியும்.

ஈமுவைக் காடே திட்டியது. "எனக்கு இந்தப் பொல்லாப்பு வேண்டாம்பா" என்று ஈமு விலகிக்கொண்டது. அடுத்த நடுவராக ஆமையை உட்கார வைத்தார்கள். அந்தக் குட்டையிலேயே வாழும் நீண்ட கழுத்து ஆமை. ஓடத் தெரியாது என்பதால் நடுவே ஒரு பாறைமேல் ஏறிக் கழுத்தை நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும். ஆமைக்கு ஓட வராது, மறக்கவும் வராது.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை ஆட்டம் ஒன்று வைத்தார்கள். கட்டையம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி தூங்கப்பன் முதலில் பந்தைப் பிடித்தான். தூங்கப்பன் ஒரு கோலா கரடி. நாள் முழுக்க மரக்கிளையைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறவன். எது கையில் கிடைத்தாலும் கட்டிக்கொள்வான், விட மனசு வராது. பந்தைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு கங்காரு வந்து தள்ளியது. அதன்மேல் ஒரு வாம்பட் விழுந்தது. அதன்மேல் இரண்டு கங்காரு. எல்லோரும் ஆமையைப் பார்த்தார்கள்.

ஆமை நிதானமாகக் கழுத்தைத் திருப்பியது. "பாவம், அவனுக்கு எங்க நேரம் இருந்தது?" என்றது.

அன்று காலை முழுக்க அந்தக் குவியல் கலையவில்லை. அடியில் தூங்கப்பன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

பிறகு கேட்க வேண்டுமா? இரண்டு கூட்டமும் பாறையைச் சுற்றிக்கொண்டன. ஈமு விதியைக் கெடுத்தது என்று சிலர். ஆமை ஆட்டத்தையே கெடுத்துவிட்டது என்று சிலர். "விதி ஒண்ணுதான், படிக்கிறவங்கதான் ஆளுக்கு ஒரு விதமாப் படிக்கிறாங்க" என்று சிலர். அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது கொண்டையப்பன்.

கொண்டையப்பன் ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. கங்காருக்கள் மேயும் பக்கத்து மரத்தில்தான் அவன் கூடு. அவர்களுக்கு வக்கீல் மாதிரி. அவன் பேச ஆரம்பித்தால் தலையில் கொண்டை விசிறி போல விரியும். எந்தப் பக்கம் பேசினாலும் நியாயம் போலவே இருக்கும். அதுதான் அவனிடம் உள்ள ஆபத்து.

"நடுவரே, கோபப்படாதீங்க. நீங்க தூங்குற வேகத்துல ஆட்டம் நடக்காது. ஈமு மாதிரிப் படிக்கிறதுதான் சரி" என்றான் கொண்டையப்பன்.

ஆமை கோபப்படவில்லை. "எனக்குத் தெரிஞ்ச நேரம் இதுதான் கொண்டையப்பா. ஈமுவுக்குத் தெரிஞ்சது அது. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லுங்க, அதையே வச்சுக்கறேன்."

கட்டையம்மா முன்னால் வந்தாள். "நான் சொல்றேன். ஈமுவோட நேரமும் வேண்டாம், உங்க நேரமும் வேண்டாம். பந்து வச்சிருக்கிறவன் காலே சொல்லட்டும். அவனவன் காலால மூணு அடி. அதுக்குள்ள மடக்கினா அவனுக்கு நேரம் இல்ல, பிழையும் இல்ல. நாலாவது அடி போயும் பந்தோட இருந்தான்னா நேரம் இருந்தது. மடக்கினா பிழை."

நெடுங்காலன் விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கு ஒரு அடின்னா ஒரு தாவல். மூணு தாவல்ல நான் அந்தப் புதருக்கே போயிடுவேன். உங்க மூணு அடி இந்தக் கல்லுக்குக்கூடப் போகாதே அக்கா!"

"போகாதுதான் தம்பி. இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

கொண்டையப்பன் நெடுங்காலன் காதில் கிசுகிசுத்தான். "ஒத்துக்கோ. இந்த அம்மா தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குது." நெடுங்காலன் ஒத்துக்கொண்டான்.

ஆட்ட நாள் வந்தது. பாறையின் நிழல் தண்ணீரைத் தொட்டதும் ஆட்டம் முடியும் என்று பேச்சு.

கங்காருக்கள் தாவித் தாவி இரண்டு கோல் போட்டன. வாம்பட்டுகளும் சும்மா இல்லை. மூன்று அடி, கூட்டாளிக்கு ஒரு தட்டு, மறுபடி மூன்று அடி என்று எறும்பு வரிசை போல நகர்ந்து நகர்ந்து இரண்டு கோல் போட்டுவிட்டன. இரண்டுக்கு இரண்டு. கொண்டையப்பன் கொண்டையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான்.

அப்போது தூங்கப்பன் கைக்குப் பந்து வந்தது. வாம்பட்டுகளின் மரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தான். கட்டிப்பிடித்தான். ஒரு அடி வைத்தான். இரண்டு. மூன்று. நாலாவதுக்குக் காலைத் தூக்கிவிட்டு, "ஐயோ, நாலு" என்று அப்படியே ஒற்றைக் காலில் நின்றான். நெடுங்காலனின் வால் வந்து ஒரு தட்டுத் தட்டியது. தூங்கப்பன் பந்தோடு உருண்டான்.

"பிழை! பிழை! நாலு அடி!" என்று கத்திக்கொண்டு கொண்டையப்பன் பாறைக்குப் பறந்து வந்தான்.

"மூணு அடிதான். நாலாவது கால் மண்ணுல படவே இல்ல" என்றாள் கட்டையம்மா.

"படலேன்னா என்ன? எதுக்குத் தூக்கினான்? போறதுக்குத்தானே? போகணும்கிற எண்ணம் வந்ததுனாலதானே கால் எழும்பிச்சு? அந்த எண்ணம் வந்த நேரத்துல பந்தை விட்டிருக்கலாமே! நடுவரே, விதி எதைக் கேக்குது? நேரம் இருந்ததான்னு கேக்குது. காலைத் தூக்க நேரம் இருந்தவனுக்குப் பந்தை விடவும் நேரம் இருந்தது. தூக்கிய காலும் அடிதான்."

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. யோசித்தது. அதற்குள் ஒரு கங்காரு புல் மேய்ந்துவிட்டே வந்துவிட்டது.

"கொண்டையப்பன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு" என்றது கடைசியில். "மண்ணுல பட்டாத்தான் அடின்னு சொன்னா அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சுக்கணும். ஆனா ஒண்ணு. எதைப் பிடிச்சாலும் ஆட்டம் முடியிற வரைக்கும் அதுதான். நடுவுல மாத்த மாட்டேன்."

"மாத்த வேண்டாம்" என்றான் கொண்டையப்பன்.

கட்டையம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "இது எல்லாருக்கும்தானே?"

"எல்லாருக்கும்தான்."

"கங்காருவுக்கும்?"

"கங்காருவுக்கும்தான், கோலாவுக்கும்தான், வானத்துல போற மேகத்துக்கும்தான். தூக்கிய காலும் அடிதான். வேணும்னா நூறு தடவை சொல்லட்டுமா?"

"வேண்டாம். ஒரு தடவை சொன்னது போதும்" என்றாள் கட்டையம்மா. "நடுவரே, எங்களுக்கும் சம்மதம்."

வாம்பட் கூட்டம் முணுமுணுத்தது. தூங்கப்பன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். "அக்கா, என்னை இப்படி விட்டுக்கொடுத்துட்டியே! இன்னும் கொஞ்சம் வாதாடியிருந்தா ஆமை நம்ம பக்கம் வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றாள் கட்டையம்மா. "ஆனா எனக்கு இந்தத் தீர்ப்புதான் வேணும். நெடுங்காலன் தாவுறதை நல்லாப் பாரு."

தூங்கப்பன் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

கட்டையம்மா ஒரு வாரமாகப் பார்த்து வைத்திருந்தது இதுதான். வாம்பட் ஒரு அடி வைத்தால் நிற்கும், யோசிக்கும், பிறகுதான் அடுத்த அடி. கங்காரு அப்படி இல்லை. ஓட்டத்தில் இருக்கும் கங்காருவுக்குத் தாவல் தாவலாக நிற்க வராது. கால் மண்ணைத் தொடுவதும் அடுத்த தாவலுக்கு எழும்புவதும் ஒரே மூச்சில் நடக்கும். மூன்றாவது தாவல் முடியும் இடம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. அங்கேயே நாலாவது தொடங்கிவிடும். கால் மண்ணில் பட்டால்தான் அடி என்றால் அந்த நாலாவது தாவல் முழுக்க, காற்றில் பறக்கிற வரைக்கும், நெடுங்காலனுக்குப் பிழை சொல்ல முடியாது. தூக்கிய கால் அடி என்றால்? மூன்றாவது தாவல் முடிந்த மறுநொடி அவன் பிழைக்காரன். இதைக் கட்டையம்மா யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

தனி உதையில் கங்காருக்களுக்கு மூன்றாவது கோல் கிடைத்தது. கொண்டையப்பன் மைதானத்தைச் சுற்றி இரண்டு வட்டம் பறந்தான். மண்ணைப் பிளக்கிற மாதிரி வாம்பட்டுகள் நெருக்கித் தள்ளி, வெகு நேரம் கழித்து மூன்றாவதைப் போட்டன. மூன்றுக்கு மூன்று.

பாறையின் நிழல் தண்ணீருக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

சமமாக முடிந்தாலே கங்காருக்களுக்குப் போதும். ஆழமான ஓரம் அவர்களுக்கே. ஆகவே நெடுங்காலன் கோல் போடுவதை விட்டுவிட்டான். தன் மரங்களுக்கு முன்னாலேயே குறுக்கே தாவுவான், மூன்றாவது தாவலில் கூட்டாளிக்குத் தட்டுவான், திரும்ப வாங்குவான், மறுபடி குறுக்கே தாவுவான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டையம்மாவின் பைக்குள் குட்டி ஒருமுறை புரண்டது. அவள் பந்தைத் துரத்தவே இல்லை. மரங்களுக்கு முன்னால் ஒரு இடத்தில் போய்ப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நெடுங்காலன் மறுபடி பந்தை வாங்கினான். கூட்டாளியை நோக்கித் தட்டப் போனான். அந்தக் கூட்டாளியைச் சுற்றி நாலு வாம்பட்டுகள் நின்றன.

மேலே இருந்து கொண்டையப்பன் கத்தினான். "தட்டாதே! நீயே வச்சுக்கோ! நிழல் தொடப் போகுது!"

நெடுங்காலன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாவினான். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது முடிந்ததும் கால்கள் தானாக எழும்பின. அப்போதுதான் எதிரே கட்டையம்மாவின் முதுகைப் பார்த்தான். பார்த்து என்ன செய்ய? காற்றில் இருக்கிற கங்காருவுக்குத் திரும்ப வராது. மடேர் என்று அந்தப் பாறை மாதிரி பின்புறத்தில் மோதி, பந்தைக் கட்டிக்கொண்டபடியே விழுந்தான். கட்டையம்மா திரும்பி அவன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நடுவரே" என்றாள்.

கொண்டையப்பன் பறந்து வந்தான். "பிழை இல்ல! மூணு தாவல்தான்! நாலாவதுல கால் மண்ணைத் தொடவே இல்லையே! பந்தை மேல வீசுங்க!"

ஆமை கழுத்தை நீட்டி அவனைப் பார்த்தது. "கால் தூக்கினானா, இல்லையா?"

"தூக்கினான். ஆனா..."

"போகணும்கிற எண்ணம் வந்ததுனாலதானே தூக்கினான்?"

"அது எண்ணமில்லே நடுவரே, அது பழக்கம். அவன் உடம்பு வாகு அப்படி. முன்னாடி நான் சொன்னது குட்டைக் கால்காரங்களுக்கு. அதையும் இதையும் ஒண்ணா வச்சுப் படிக்கக் கூடாது."

"வானத்துல போற மேகத்துக்கும்னு சொன்னியே."

கொண்டையப்பனின் விரிந்திருந்த கொண்டை மெல்ல மடிந்து தலையோடு ஒட்டிக்கொண்டது.

கட்டையம்மாவின் அடியில் இருந்து நெடுங்காலனின் குரல் வந்தது. "விடு கொண்டையப்பா. நான் தூக்கினேன். தூங்கப்பனுக்குப் பிழைன்னா எனக்கும் பிழைதான். அக்கா, கொஞ்சம் எழுந்தீங்கன்னா மூச்சு விடுவேன்."

கட்டையம்மா எழுந்து, அவன் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "தனி உதை, வாம்பட்டுக்கு" என்றது ஆமை.

நிழல் தண்ணீரைத் தொட இன்னும் நாலு விரல் இருந்தது. மரங்கள் பக்கத்தில்தான். ஆனால் கட்டையம்மாவின் குட்டைக் காலால் முன்பக்கம் உதைத்தால் பந்து அவள் மூக்கைத்தான் தாண்டும். அவள் பந்தை மண்ணில் வைத்தாள். மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கங்காருக்கள் சிரித்தன.

வளை தோண்டும்போது மண்ணைப் பின்னங்காலால் பின்னுக்குத் தள்ளுவது வாம்பட்டுக்குப் பிறவிப் பழக்கம். கட்டையம்மா எத்தனை வளை தோண்டியிருக்கிறாள்! திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு உதை விட்டாள். பந்து புல்லை உரசிக்கொண்டு இரண்டு மரங்களுக்கும் சரியாக நடுவே போய், பின்னால் இருந்த புதருக்குள் நின்றது. நிழல் தண்ணீரைத் தொட்டது.

வாம்பட் கூட்டம் போட்ட கூச்சலில் தூங்கப்பன் விழித்துக்கொண்டான். "என்னக்கா ஆச்சு?"

"உன் கால்தான்டா ஜெயிச்சுக் கொடுத்துச்சு" என்றாள் கட்டையம்மா. நேராக ஆழமான ஓரத்தில் இறங்கி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். அன்று பைக்குள் இருந்த குட்டியும் வயிறு நிறையக் குடித்தது.

கங்காருக்கள் சேற்று ஓரத்துக்கு நடந்தன. மரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த கொண்டையப்பனை நெடுங்காலன் நிமிர்ந்து பார்த்தான். "உன் வாதம் நல்ல வாதம்தான்பா. கூடவே என் காலையும் ஒரு தடவை பார்த்துட்டுப் பேசியிருக்கலாம்" என்றான்.

அடுத்த வருஷமும் விதியைப் பற்றிய பேச்சு நடந்தது. அதெல்லாம் எங்கே ஓயப்போகிறது? கொண்டையப்பனும் வந்தான். ஆனால் இந்த முறை பேசுவதற்கு முன் கங்காருவின் காலை ஒரு முறை பார்த்தான், வாம்பட்டின் காலை ஒரு முறை பார்த்தான், பிறகு தன் காலையும் குனிந்து பார்த்துக்கொண்டான்; அதற்குப் பிறகுதான் அலகைத் திறந்தான்.

அடுத்தவனை மடக்குவதற்காக நாம் வாங்கும் தீர்ப்பு நம்மையும் சேர்த்தே கட்டும் என்பதால், நமக்கே அது வந்தாலும் தாங்குவோமா என்று பார்த்த பிறகுதான் அதைக் கேட்க வேண்டும்.